இருவரும் ஒருவரே

என் கணவர் 2016இல் இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்காக அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோப்பைப் புரட்டினார். என் ஆதார் அட்டையைப் பார்த்தார். மறுபடியும் கோப்பைப் பார்த்தார்.

"பணிப்பதிவேட்டுல சம்சாரம் பேரு கோமதின்னு இருக்கு. ஆதார்ல எஸ்தர்னு இருக்கு. யாரும்மா எஸ்தர்?"

"நான்தான்."

"அப்ப கோமதி யாரு?"

"அதுவும் நான்தான்."

"மொதத் தாரமா, ரெண்டாந்தாரமா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அந்த மேசையில் அப்படியும் வழக்குகள் வந்திருக்கும். பல நடை நடந்த பிறகு, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். எஸ்தர் என்பவரும் கோமதி என்பவரும் வெவ்வேறு நபர்கள் அல்ல, இருவரும் ஒருவரே என்று. தட்டச்சு செய்த பையன் தாளை நீட்டிக்கொண்டே, "நம்ம ஊரு சாமி மாதிரியே இருக்கு ஆச்சி" என்றான்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு அவன் சொன்னது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் சண்டை. தீர்ப்பதற்காக அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவமிருந்தாள். ஆடி மாதத்தில் சாமி பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும், சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். இருவரும் ஒருவரே. அந்த அம்மன் பெயர்தான் கோமதி. அந்தப் பெயரைத்தான் 1981இல் எனக்கு வைத்தார்கள்.

நான் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சி.எஸ்.ஐ. கிராமம். எஸ்தர் என்று பெயர் வைத்தது அப்பா. கதை சொல்லி அந்தப் பெயரை எனக்குள் ஏற்றியது அம்மா. பாரசீக அரண்மனைக்கு ராணியாகப் போன யூதப் பெண் எஸ்தர். தான் எந்தச் சனம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்த்தவர் கட்டளையிட்டிருந்ததால், அவள் வாயே திறக்கவில்லை. தன் மக்களை மொத்தமாகக் கொல்ல உத்தரவு போன பிறகுதான் ராஜாவிடம் தான் யாரென்று சொன்னாள். அவளுக்கும் இரண்டு பெயர் உண்டு. நம் தமிழ் வேதாகமத்தில் எஸ்தர் என்னும் அத்சாள் என்று வரும். சின்ன வயதில் அந்த இரண்டாவது பெயரைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பேன். எனக்கும் ஒன்று வரப்போகிறது என்று தெரியாது.

ஆசிரியர் பயிற்சிப் படிப்பின்போது பழக்கமாகி, வீட்டை எதிர்த்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவருடையது சங்கரன்கோவிலில் தறி ஓட்டும் குடும்பம். வீட்டுக்குள் நுழைந்த அன்றே மாமியார் சொன்னார்கள்: "இந்தப் பேரு தெருவுல ஆவாதும்மா. கோமதின்னு கூப்பிடுதேன். ஊரு அம்மன் பேரு, ஒண்ணும் கொறைஞ்சிற மாட்ட." அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. வீட்டை விட்டு வந்தவளுக்குத் தங்க இடம் கிடைத்ததே பெரிது. பெயரைத்தானே கேட்கிறார்கள் என்று கொடுத்துவிட்டேன்.

ஆனால் வேலை எஸ்தர் பெயரில்தான். பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. காலையில் எட்டே கால் பஸ்ஸில் ஏறும்போது கோமதி. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, "வணக்கம் எஸ்தர் டீச்சர்." சாயங்காலம் திரும்பி வரும்போது சந்தையில் பூ வாங்குவேன். பூக்காரி முழம் போடும்போதே மறுபடியும் கோமதி ஆகிவிடுவேன். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. இதில் துக்கம் இருந்தது என்று சொன்னால் பொய். பிள்ளைகளும் வேலையும் இருந்தபோது இதை நினைக்க நேரமில்லை.

2013இல் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டு, வேன் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் எட்டே கால் பஸ் எங்கள் தெருமுனையில் ஹார்ன் அடித்துப் போனது. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. இனி என்னை எஸ்தர் என்று கூப்பிட ஆள் இல்லை. அம்மா 2004இல் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்னாலேயே. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஊர். முதுமை முழங்காலில் வரும், கண்ணில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நம் பெயரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோவதும் முதுமைதான் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் பாட்டுகள் வர ஆரம்பித்தன. வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, அம்மா பாடிய கீர்த்தனைகள் தானாக வாயில் வந்தன. முப்பது வருஷமாக நினைத்தே பார்க்காத சரணங்கள். மகன் சென்னையிலிருந்து வந்திருந்த சமயம் இதைக் கேட்டுவிட்டான்.

"என்னம்மா, இப்பப் போய்? மறுபடியும் சர்ச்சுக்குப் போகணும்னு தோணுதா?"

அவனுக்கு அது மதம் பற்றிய கேள்வி. எனக்கு அப்படி இல்லை. ஜெபம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஒருத்தி இருந்தேன், அவளைக் காணவில்லை, அவ்வளவுதான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சும்மா பாட்டுடா" என்றேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மதினி, அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். அட்டை போன பழைய நோட்டு. அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான். குண்டு குண்டான கையெழுத்தில் கீர்த்தனைகள், கல்யாண வீட்டு வாழ்த்துப் பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு. ஓரத்தில் எந்த வீட்டில், யார் சாவுக்கு எதைப் பாடினாள் என்ற குறிப்பும் இருந்தது. சர்ச் கமிட்டியில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் எந்தக் குடும்பத்துக்கு என்ன பாடினால் மனசு ஆறும் என்ற கணக்கு அவளிடம்தான் இருந்தது.

இந்த நோட்டைப் பற்றிக் கொச்சியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் போனில் சொன்னேன். "டீச்சர், உங்க அம்மாவ மாதிரி இங்க நிறைய பேரு இருந்திருக்காங்க" என்று ஒரு புத்தகம் அனுப்பினாள். கொச்சி யூதப் பெண் ரூபி டேனியல், பார்பரா ஜான்சன் என்ற மானுடவியலாளருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பு. யூதர் என்றதும் இன்றைக்கு நம் மனதில் வருவது போர்ச் செய்திதான். நான் சொல்ல வருவது ஒரு நாட்டைப் பற்றி அல்ல, மட்டாஞ்சேரிச் சந்தில் வாழ்ந்த சில கிழவிகளைப் பற்றி.

ரூபி 1912இல் கொச்சியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951இல் இஸ்ரேலுக்குப் போய் ஒரு கிப்புட்ஸில், அதாவது எல்லோரும் பொதுவாக உழைத்துப் பொதுவாக உண்ணும் குடியிருப்பில், கடைசிவரை வாழ்ந்தார். அந்த ஐம்பதுகளில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் அப்படிக் கிளம்பிவிட்டார்கள். ரூபியின் குடும்பத்துக்கு இன்னொரு காயமும் உண்டு. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழி என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பம் அது. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தில் அவர்களுக்குச் சமமான இடம் இல்லை. தோராவை வாசிக்க விடமாட்டார்கள். ஏ.பி.சேலம் என்ற வழக்கறிஞர் காந்தி வழியில் ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்துதான் அது மாறத் தொடங்கியது. துரத்தப்பட்டவர்கள் என்று உலகம் அறிந்த சனம், தனக்குள்ளே தரையில் உட்காரச் சொல்ல ஆள் தேடியிருக்கிறது. சாதியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது பாட்டு. கேரளத்து யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் வைத்திருந்தார்கள். வேதத்துக் கதைகள், கல்யாணப் பாட்டுகள், ஜெப ஆலயம் கட்டிய கதைகள். எல்லாவற்றையும் நோட்டுகளில் கையால் எழுதி, தாயிடமிருந்து மகள் வாங்கிப் படியெடுத்தார்கள். புலம்பெயர்ந்தபோது பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். புதிய ஊரில் பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாது. அந்தப் பாட்டுகளை ரூபி ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தபோது வயது எழுபது. நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பெயர்த்தார். அவருடைய புத்தகம் 1995இல் வந்தபோது எண்பதைத் தாண்டியிருந்தார். ஓய்வு பெற்றதும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கணக்கு ஒரு அறை.

2022 டிசம்பரில் மகளைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குப் போனேன். நள்ளிரவு தாண்டித் தென்காசியில் பாலருவி எக்ஸ்பிரஸ் பிடித்து, செங்கோட்டை மலையை இருட்டில் கடந்து, காலையில் எர்ணாகுளம். பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டியது. நம் கோவில் மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். மேலே பெண்களுக்குத் தனி மாடம். கீழே நின்று அந்த மாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டேன். யூதர்களின் பழைய முறைப்படி, முழுமையான கூட்டு வழிபாடு நடக்கப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேர் என்றால் பதின்மூன்று வயது தாண்டிய பத்து ஆண்கள். சனம் குறையக் குறைய மட்டாஞ்சேரியில் அந்தப் பத்து சேரவில்லை. வெளியூர் யூதர்கள் யாராவது வந்தால்தான் வழிபாடு என்ற நிலை. அந்தக் காலத்திலும் அங்கே பெண்கள் இருந்தார்கள். தெருவில் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த சாரா கோஹன் தொண்ணூறைத் தாண்டியும் இருந்தார். 2019இல்தான் இறந்தார். அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டது, கடையை நடத்தியது, ஒரு முஸ்லிம். ஜெப ஆலயப் பொறுப்பை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் குவீனி ஹலேகுவா. 2024 ஆகஸ்டில் அவரும் போனார். சாவி பெண் கையில், பாட்டு பெண் கையில். பத்தில் மட்டும் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே யூத முறைப்படி, தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். சனத்தை உண்டாக்குவதே பெண் வழியாகத்தான். உண்டான பிறகு எண்ணும்போது அவளை விட்டுவிட்டு எண்ணுவார்கள்.

மகள் கேட்டாள்: "என்னம்மா, அழுவுதீங்களா?"

"இல்லட்டி, கழுத்து வலிக்கி" என்றேன். அதுவும் உண்மைதான்.

ஊர் திரும்பிய பிறகு, ஒரு வேகத்தில், நான் பிறந்த ஊருக்குப் போனேன். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. எனக்கு அது கிடைக்குமா என்று கேட்டேன். அண்ணன் சங்கடப்பட்டான். சேகரக் கமிட்டியில் கேட்டுச் சொன்னான். சபைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. நாற்பது வருஷமாகக் காணிக்கை கட்டவில்லை. வேறு மதத்தில் கல்யாணம். மறுபடியும் முறைப்படி சபையில் சேர்ந்தால் யோசிக்கலாம். கமிட்டியில் உட்கார்ந்து இதைச் சொன்னவர்கள் எல்லோருமே ஆண்கள். அதில் இரண்டு பேரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என் அம்மா.

அப்படியானால் இந்தப் பக்கம்? இங்கே நான் இறந்தால் தெருவே கூடும். கோமதி டீச்சருக்கு மரியாதைக்குக் குறைவு இருக்காது. மகன் கொள்ளி வைப்பான். பெண்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிடுவார்கள். என் மகள் உட்பட. எஸ்தர் என்று ஒருத்தி இருந்தது சாம்பலோடு போய்விடும். இரண்டு வீட்டிலும் எனக்கு இடம் உண்டு, நான் பாதி ஆளாக வருவதாக இருந்தால்.

இதையெல்லாம் மதத்தின் குற்றம் என்று முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை என்னை முடிக்கவிடவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், அவர்கள் கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆடித் தபசு வந்தால் கோவிலை நூற்றியெட்டு முறை சுற்றுவார்கள். ஒற்றைக்காலில் நிற்கும் அம்மனின் கால்வலியை அந்தச் சுற்றில் நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. அந்த வருஷம் நடக்க முடியவில்லை. கட்டிலில் கிடந்தபடி, நான் புற்றுமண் பூசிக் கால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எம் பேரு செல்லம் இல்லட்டி" என்றார்கள்.

ரேஷன் கார்டிலும் செல்லம், பத்திரத்திலும் செல்லம். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆவுடையம்மா. எங்க அய்யா வச்ச பேரு. இங்க வந்து பாத்தா எங்க மாமியா பேரும் ஆவுடையம்மா. மாமியா பேரச் சொல்லி மருமவள எப்படி ஏசுததுன்னு, செல்லம்னு ஆக்கிட்டாவ. எங்க அம்மா செத்த பொறவு அந்தப் பேர ஒருத்தரும் சொல்லல."

ஒரே ஊர், ஒரே சாமி, ஒரே சாதி. ஆனாலும் பெயர் போய்விட்டது. என் பெயரை மாற்றிய அன்று அவர்களுக்குத் தன் பெயர் ஞாபகம் வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. "ஆவுடையம்மா" என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். "ம்" என்றார்கள். கூப்பிட்டால் பதில் சொல்வது போல.

அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கதையும் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. யார் பெரியவர் என்று சண்டை போட்டது இரண்டு ஆண்கள். ஒற்றைக்காலில் நின்றது ஒரு பெண். காட்சி கொடுத்ததும் இருவரும் ஒருவரே என்று ஆனது யாருடைய பெயர்? நின்றவளுடைய பெயர் இல்லை.

இந்த வருஷம் எனக்கு எழுபது. வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வரச் சொல்லி மகன் கூப்பிடுகிறான். நல்ல பிள்ளை. மருமகளும் நல்லவள். ஆனால் அங்கே நான் வெறும் "ஆச்சி" ஆகிவிடுவேன். இருக்கிற இரண்டு பெயரும் போய்விடும். இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். போன பொங்கலுக்கு இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தபோது உட்காரவைத்துப் பேசினேன். பேச்சை எடுத்ததுமே மகன், "நல்ல நாள் அதுவுமா ஏம்மா" என்று எழுந்தான். கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"நான் போனா எரிச்சிருங்க. எங்க அம்மா பக்கத்துல படுக்க ஆசதான். அதுக்காவ யார் முன்னாலயும் போயி நிக்க மாட்டேன். ஆனா மூணு காரியம் வேணும். போஸ்டர் அடிச்சா எஸ்தர் என்ற கோமதின்னு போடணும். ரெண்டாவது, இவளும் சுடுகாட்டுக்கு வரணும். மூணாவது, அங்க வச்சு எங்க அம்மா நோட்டுலருந்து ஒரு பாட்டு படிக்கணும்."

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெருவுல பேசுவாங்களேம்மா" என்றான். பிறகு அவனே, "பேசட்டும்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். போஸ்டரில் எந்தப் படம் போடுவது என்று மறுநாள் காலையில் அவனே கேட்டான். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மகள்தான் தயங்கினாள். "நான் வாரேம்மா. ஆனா பாட்டு எனக்குத் தெரியாதே."

தெரியாதது அவள் தப்பு இல்லை. நான் சொல்லித் தரவில்லை. எட்டே கால் பஸ்ஸில் ஏறும்போதே எஸ்தரைப் பைக்குள் போட்டு மூடிவைத்தவள் நான். அரண்மனையில் இருந்த எஸ்தரை வாய் திறக்கக் கூடாது என்று சொல்ல ஒருவர் இருந்தார். என்னிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன்.

அந்த நோட்டரிப் பத்திரத்தின் நகல் இப்போது அம்மாவின் நோட்டுக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தாளில் ஆவுடையம்மா என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் திருநெல்வேலியிலிருந்து போன் செய்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் ஒரு வரி பாட, அவள் ஒரு வரி பாடுகிறாள். அவளுக்குத் தாளம் நிற்காது. பல்லவி சேர்வதற்கே மூன்று மாதம் ஆனது. இரண்டாவது சரணத்தில் இன்னும் தடுமாறுகிறாள்.

தடுமாறட்டும். அவள் அதைப் படித்து முடிக்கும் வரைக்கும் எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.